கைரேகை வைத்தால் கைக்கு வேலை தெரிந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவர்களின் தொடர் கல்விக் கூட்டங்களுக்கு வருகிறவர்கள் கையெழுத்தைப் போட்டுவிட்டு நழுவிவிடுகிறார்கள், ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்துப் போடுவதும் நடக்கிறது, ஆகவே இனி கைரேகைப் பதிவைக் கட்டாயமாக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவரின் கோபம் எனக்குப் புரிகிறது. அந்தக் கூட்டங்களின் கடைசி வரிசையில் உட்கார்ந்து நானும் எத்தனையோ தடவை தூங்கி வழிந்திருக்கிறேன். ஆனால் கைரேகை வைத்தால், அந்தக் கை அன்றைக்கு அந்த மண்டபத்துக்கு வந்தது என்பது மட்டும்தான் நிரூபணமாகும். மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கும் ஒருவரின் மார்பில் வைக்கும்போது அந்தக் கைக்கு என்ன தெரியும் என்பதை எந்த மெஷினும் சொல்லாது. நான் எழுத வந்தது அந்தக் கையைப் பற்றி. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். வெட்ட வேண்டியதை வெட்டிவிடுங்கள்.

நான் டாக்டர் இல்லை. அவசர சிகிச்சைப் பிரிவிலும் ஐசியுவிலுமாக இருபத்திரண்டு வருடம் ஓட்டிவிட்ட நர்ஸ். என் அலமாரியில் ஒரு ஃபைல் இருக்கிறது, அதில் பிளாஸ்டிக் உறைக்குள் முப்பதுக்கும் மேல் சர்டிபிகேட். அதில் பாதி எதற்கு வாங்கினேன் என்றே இப்போது ஞாபகம் இல்லை. எது ஞாபகம் இருக்கிறது என்று கேட்டால், ஒரு ராத்திரியைச் சொல்வேன்.

விடியற்காலை மூன்று மணி இருக்கும். ஐந்தாம் படுக்கையில் இருந்தவரின் மானிட்டரில் கோடு கிறுக்கலாக ஓடத் தொடங்கியது. இதயத்தின் கீழறைகள் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தன. இதற்கு மருந்து ஷாக்தான், அதுவும் உடனே. மார்பை அழுத்தாமல் விட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏழிலிருந்து பத்து சதவீதம் குறைகிறது என்று நாங்கள் எல்லோரும் பரீட்சையில் எழுதியவர்கள். ஒருவர் மார்பை அழுத்த ஆரம்பித்தார், நான் ஷாக் கொடுக்கும் மெஷினான டிஃபிப்ரிலேட்டரை இழுத்து வந்தேன், பேடை ஒட்டினோம், சார்ஜ் ஏறியது, ட்யூட்டி டாக்டர் எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார், அப்போதும் இல்லை. வயர் கழன்றிருக்கிறதா என்று ஒருவர் பார்க்கிறார், பேட்டரியா என்று ஒருவர் கேட்கிறார், பக்கத்து வார்டு மெஷினைக் கொண்டுவர ஒருவர் ஓடுகிறார். மார்பை அழுத்திக்கொண்டிருந்தவரும் என்ன ஆச்சு என்று மெஷினையே பார்த்தபடி கையை நிறுத்திவிட்டார், அதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

நடந்தது இதுதான். அன்று சாயந்திரம் வேறொரு நோயாளிக்கு, தாறுமாறாக வேகமாக ஓடிய இதயத் துடிப்பை ஒழுங்குக்குக் கொண்டுவர அதே மெஷினில் ஷாக் கொடுத்திருந்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் 'சிங்க்' என்று ஒரு பொத்தானைப் போட வேண்டும். துடிப்பின் முனை எங்கே வருகிறது என்று மெஷின் பார்த்துக் காத்திருந்து, சரியாக அந்த இடத்தில் ஷாக் கொடுக்கும். சில மாடல்களில் ஷாக் கொடுத்ததும் அது தானாக அணைந்துவிடும். எங்களிடம் இருந்ததில் அணையாது, நாம்தான் அணைக்க வேண்டும், அன்று யாரும் அணைக்கவில்லை. கீழறை நடுங்கும்போது துடிப்புக்கு முனை ஏது? மெஷின் வராத முனைக்காகப் பொறுமையாகக் காத்துக்கொண்டே இருந்தது. திரையில் சின்னதாக ஒரு எழுத்து எரிந்துகொண்டிருந்ததை, மூச்சுக்குழாயில் டியூப் போடுவதற்காகத் தலைமாட்டுக்கு வந்த மயக்க மருந்து டெக்னீஷியன்தான் பார்த்துச் சொன்னார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எனக்கு அது இன்னும் முடியவில்லை.

அந்த நோயாளி பிழைத்துக்கொண்டார், அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் வாசகர்கள் அதையே நினைத்துக்கொண்டு மீதியைப் படிக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் படுக்கையைச் சுற்றி நின்ற ஐந்து பேரில் நான்கு பேரிடம் உயிர்காப்புப் பயிற்சி சர்டிபிகேட் இருந்தது. காலாவதி ஆகாத சர்டிபிகேட். என்னுடையதில் இன்னும் பதினோரு மாதம் பாக்கி இருந்தது. அந்தப் பயிற்சியில் இந்தப் பொத்தானைச் சொல்லித் தந்தார்களா என்றால், தந்தார்கள். வேறு மாடல் மெஷினில், பகல் வெளிச்சத்தில், பதினைந்து பேர் வரிசையில் நிற்க, ஆளுக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்தோம். அப்புறம் ஒரு வருடம் அந்தப் பொத்தான் பக்கம் போகவே இல்லை.

இந்த சர்டிபிகேட் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குச் செல்லும். கற்றுக்கொண்ட கைப்பழக்கம் அத்தனை நாள் நிற்காது. புத்துயிர்ப்புப் பயிற்சி பெற்றவர்களைத் திரும்பக் கூப்பிட்டுச் சோதித்த ஆய்வுகள் ஏராளமாக இருக்கின்றன, மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளேயே கை மறக்கத் தொடங்குகிறது என்றுதான் அவை திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இதில் ஒரு வேடிக்கை, மூளை மறப்பதைவிடக் கை சீக்கிரம் மறக்கிறது. கேள்வி கேட்டால் டாண் டாண் என்று பதில் வரும்: நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் ஐந்து சென்டிமீட்டர், ஆறைத் தாண்டக் கூடாது, ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பை முழுசாக எழும்ப விட வேண்டும், இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஆள் மாற வேண்டும். அதே ஆளைப் பயிற்சிப் பொம்மை முன்னால் மண்டியிட வைத்து அழுத்தச் சொன்னால் நாலு சென்டிமீட்டரைத் தாண்டாது. எனக்கே அப்படித்தான் வந்தது. ஆழம் காட்டும் பொம்மையில் முதல் தடவை செய்தபோது, இத்தனை வருட அனுபவத்தோடு கம்பீரமாக ஆரம்பித்தேன், முதல் நிமிடம் பச்சை விளக்கு, இரண்டாவது நிமிடத்தில் மஞ்சள், எனக்குக் களைப்பே தெரியவில்லை, ஆனால் பொம்மைக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆன பெண், அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் பதில் ரொம்பச் சாதாரணமானது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு நாள் என்பதை உடைத்து, மாதத்துக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் என்று ஆக்கினால் போதும். பொம்மை வார்டிலேயே ஒரு மூலையில் கிடக்கட்டும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இரண்டு பேர் போய் இரண்டு நிமிடம் அழுத்திவிட்டு, விளக்கு என்ன நிறம் காட்டியது என்று ஒரு தாளில் குறித்துவிட்டு வரட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று இதை முறையாகச் செய்யும் மருத்துவமனைகள் உலகத்தில் நிறைய இருக்கின்றன, நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

கை ஒருபக்கம் மறக்க, இன்னொரு பக்கம் பாடமே மாறிக்கொண்டிருக்கிறது. நான் படித்தபோது பதினைந்து அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. 2005-இல் அது முப்பதுக்கு இரண்டு ஆனது. முதலில் மூச்சுவழி, பிறகு சுவாசம், பிறகு ரத்த ஓட்டம் என்ற வரிசையை மந்திரம் மாதிரி ஒப்பித்தோம். 2010-இல் அமெரிக்க இதயக் கழகம் அதைத் திருப்பிப் போட்டு, பெரியவர்களுக்கு முதலில் மார்பை அழுத்து, மற்றது அப்புறம் என்றது. துடிப்பே நின்று நேர்கோடு ஓடும் நோயாளிக்கு வழக்கமாக ஏற்றிவந்த அட்ரோபின் என்ற மருந்தையும் அதே வருடம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது முடிந்து ஐந்து வருடம் கழித்தும், கூச்சலுக்கு நடுவே யாராவது ஒரு மூத்த டாக்டர் "அட்ரோபின் போடு" என்று சொல்வதும், அவசர மருந்துகள் வைத்திருக்கும் கிராஷ் கார்ட் வண்டி பக்கம் நிற்கும் சின்னப் பெண் அதை உடைத்துக் கொடுப்பதும் நான் நேரில் பார்த்தது. அவளுக்குப் புது விதி தெரியும். எப்படி மறுத்துப் பேசுவது என்பது தெரியாது. அதை எந்த வகுப்பில் சொல்லித் தருகிறார்கள்?

புதிதாகக் கற்பதைவிடப் பழையதை விடுவது கஷ்டம் என்பதற்கு நானே சாட்சி. 2001-இல் பெல்ஜியத்தின் லூவென் நகரத்து மருத்துவமனையில் நடந்த ஒரு ஆய்வு, ஐசியு நோயாளிகளின் ரத்தச் சர்க்கரையை இன்சுலின் கொடுத்து 80-க்கும் 110-க்கும் இடையில் இறுக்கிப் பிடித்தால் சாவு குறைகிறது என்று சொன்னது. உலகமே பின்னால் ஓடியது, நாங்களும் ஓடினோம். மணிக்கொரு தடவை விரலில் குத்துவது, இன்சுலின் வேகத்தை ஏற்றுவது இறக்குவது, சார்ட்டில் எல்லா எண்ணும் கட்டத்துக்குள் இருந்தால் ஷிஃப்ட் முடியும்போது ஒரு பெருமை. 2009-இல் ஆறாயிரத்துக்கும் அதிகமான நோயாளிகளை வைத்துச் செய்த நைஸ்-ஷுகர் ஆய்வு வந்தது: இறுக்கிப் பிடித்த குழுவில்தான் இறந்தவர்கள் அதிகம், 180-க்குக் கீழே இருந்தால் போதும். எங்கள் சார்ட் மாற எத்தனை நாள் ஆனது தெரியுமா? இரண்டு வருடத்துக்கு மேல். யாரும் எதிர்க்கவில்லை, விவாதம்கூட நடக்கவில்லை, பழைய சார்ட் கட்டுக் கட்டாக அச்சடித்து வைத்திருந்தது, அது தீரும் வரை ஓடியது. அத்தனை நாளும் குத்தின விரல்களை நினைத்தால் இப்போதும் என்னவோ போல் இருக்கிறது.

வென்டிலேட்டர் கதை இன்னும் மோசம். நுரையீரல் வீங்கி ஆக்ஸிஜன் ஏறாமல் தவிக்கும் நோயாளிக்கு ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று தள்ளுவது என்பதை 2000-இல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு தீர்த்து வைத்தது. கிலோவுக்கு 12 மில்லி என்று தள்ளிய குழுவில் சுமார் நாற்பது சதவீதம் பேர் இறந்தார்கள், 6 மில்லி என்று குறைத்த குழுவில் 31 சதவீதம். இதைச் செய்ய மருந்து வேண்டாம், புது மெஷின் வேண்டாம், ஒரு குமிழைத் திருப்பினால் போதும். ஆனால் அந்தக் கிலோ, தராசு காட்டும் கிலோ இல்லை, உயரத்தை வைத்துக் கணக்கிடும் கிலோ. ஆள் பருத்தால் நுரையீரல் கூடவே பெருக்காது. 155 சென்டிமீட்டர் உயரமும் 90 கிலோ எடையும் உள்ள ஒரு பெண் என்று வையுங்கள். உயரக் கணக்கில் அவருக்கு 48 கிலோதான், ஆகவே ஒரு மூச்சுக்கு 290 மில்லிக்குப் பக்கத்தில். தராசுக் கிலோவால் பெருக்கினால் 540. அந்தக் காற்று ஒவ்வொரு மூச்சிலும், நிமிடத்துக்கு இருபது தடவை, நாள் முழுக்க அந்த நுரையீரலை ஊதிக் கிழித்துக்கொண்டிருக்கும். அலாரம் அடிக்காமலும் போகலாம்.

இந்தப் பாடத்தை நான் மூன்று கருத்தரங்குகளில் கேட்டிருக்கிறேன், மூன்றிலும் அதே படம், அதே கோடு. எங்கள் வார்டில் மாற்றத்தைக் கொண்டுவந்தது என்னவோ ஒரு தையல்காரர் டேப். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் அதை ஒவ்வொரு வென்டிலேட்டரிலும் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் உயரத்துக்கு எவ்வளவு மில்லி என்று ஒரு அட்டையை ஒட்டினார். படுத்திருப்பவரை உச்சி முதல் குதிகால் வரை எப்படி அளப்பது, கால் மடங்கியிருந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் பத்து நிமிடம் படுக்கை பக்கத்தில் வைத்துக் காட்டினார். அவ்வளவுதான். அதற்கு அவருக்குத் தொடர் கல்விக் கணக்கில் ஒரு கிரெடிட் பாயின்ட்டும் கிடையாது, எங்களுக்கும் கிடையாது, ஏனென்றால் மண்டபம் இல்லை, மேடை இல்லை, பேனர் இல்லை.

சொற்பொழிவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து வென்டிலேட்டர் கொடுப்பதைப் பற்றி நான் முதலில் கேட்டது ஒரு சொற்பொழிவில்தான். 2013-இல் பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய ஆய்வு, ஒரே மூச்சாகப் பதினாறு மணி நேரம் குப்புறப் போட்டால் மோசமான நோயாளிகளில் 28 நாளுக்குள் இறப்பவர்கள் 33 சதவீதத்திலிருந்து 16-க்கு இறங்குவதாகச் சொன்னது. ஆச்சரியப்பட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன், நோட்டை மூடினேன், ஏழு வருடம் மூடியே இருந்தது. கொரோனா வந்தபோதுதான் முதன்முதலாக ஒருவரைப் புரட்டினோம். புரட்டும்போது தெரிந்தது, எனக்கு சதவீதம் மட்டும்தான் தெரியும் என்று. தலைமாட்டில் நிற்பவர் டியூபை விடவே கூடாது, எண்ணுவது அவர்தான், அவர் மூன்று சொன்னால்தான் மற்ற நால்வரும் அசைய வேண்டும். எந்தப் பக்கம் ரத்தக் குழாயில் போட்ட லைன் இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்ய வேண்டும். கண்ணை மூடி ஒட்ட வேண்டும். நெற்றியும் தாடையும் அழுந்திப் புண்ணாகாமல் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை முகத்தைத் திருப்பி வைக்க வேண்டும். இதை எங்களுக்குச் சொல்லித் தந்தவர் வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு நர்ஸ். படுக்கையின் மேல் முழங்காலிட்டு ஒரு தலையணையை வைத்துச் செய்து காட்டினார்.

வெறும் சொற்பொழிவு மருத்துவர்களின் நடைமுறையை மாற்றுவதாகத் தெரியவில்லை என்று கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவ் டேவிஸ் குழுவினர் 1999-லேயே ஆய்வுகளைத் தொகுத்து எழுதிவிட்டார்கள். கையால் செய்து பார்க்கும் பகுதி சேர்ந்தால் மாறுகிறது. விடை கிடைத்து கால் நூற்றாண்டு ஆகிறது, நாம் இன்னும் நாற்காலியில் உட்கார்ந்த மணியைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம். எண்ணுவது சுலபம், அதனால் எண்ணுகிறோம்.

இன்னொன்று, இது கட்டுரையில் அறவே வராதது. அதில் 'மருத்துவர்கள்' என்ற சொல் பத்துப் பதினைந்து இடத்தில் இருந்தது, 'நர்ஸ்' என்ற சொல் ஒரே ஒரு இடத்தில், அதுவும் 'மற்றும்' போட்டு. வார்டில் நோயாளியின் மூச்சு நிற்பதை முதலில் பார்ப்பது யார்? முதல் அழுத்தத்தைக் கொடுப்பது யார்? டாக்டர் ஓடி வந்து சேர்வதற்குள் முக்கியமான மூன்று நிமிடம் போயிருக்கும். ஆனால் பயிற்சிக்கு அனுப்பும்போது டாக்டருக்கு ஆன்-ட்யூட்டி, எங்களுக்கு நைட் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் அப்படியே வந்து உட்காரச் சொல்வார்கள். அப்புறம் தூங்குகிறார்கள் என்று குறை. அட்டெண்டரும் ஆம்புலன்ஸ் டெக்னீஷியனும் கணக்கிலேயே இல்லை. ஆக்ஸிஜன் சிலிண்டரின் சாவி எங்கே இருக்கிறது என்பது அட்டெண்டருக்குத்தான் தெரியும்.

தீவிர சிகிச்சை என்ற துறையே இப்படி எல்லோரும் கைபோட்டுப் பிறந்ததுதான். 1952-இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவி, மூச்சுத் தசை செயலிழந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். மூச்சு விட வைக்கும் இரும்பு நுரையீரல் எந்திரங்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. ப்யோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியின் தொண்டையில் துளை போடச் செய்து, குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்துக் காட்டினார். சரி, அத்தனை நோயாளிகளுக்கும் யார் அமுக்குவது? மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டார்கள், ஏறக்குறைய 1,500 பேர், ஷிஃப்ட் போட்டு வாரக்கணக்கில் இரவு பகலாகப் படுக்கை பக்கத்தில் உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். சாவு பாதிக்கும் கீழே போனது. அந்த மாணவர்களுக்குப் பாடம் நடந்த இடம் படுக்கை ஓரம், நேரம் தேவைப்பட்ட நேரம், பரீட்சை அந்தப் பிள்ளையின் உதட்டு நிறம். உலகத்தின் முதல் ஐசியு அடுத்த வருடம் அங்கிருந்துதான் வந்தது.

விமான ஓட்டிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்பது எங்கள் துறையில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போன உவமை, நானும் அதையே சொல்லி உங்களைக் கொல்ல விரும்பவில்லை. ஆனால் ஒன்றே ஒன்று. சிமுலேட்டருக்குள் தலைமை விமானியும் துணை விமானியும் சேர்ந்துதான் போகிறார்கள். நாங்கள் மட்டும் ஏன் டாக்டருக்கு ஒரு மண்டபம், நர்ஸுக்கு ஒரு மண்டபம் என்று தனித்தனியாக ஒத்திகை பார்த்துவிட்டு, நேராக நோயாளியின் மேல்தான் முதல் முறையாக ஒன்று சேர்கிறோம்? அட்ரோபினை உடைத்துக் கொடுத்த அந்தப் பெண்ணும் கேட்ட டாக்டரும் ஒரு தடவையாவது பொம்மையின் முன்னால் சேர்ந்து நின்றிருந்தால், "சார், அது இப்போ இல்லையே" என்பது வாயில் வந்திருக்கும். அவரும் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார், நல்ல மனிதர்தான்.

எந்திரம் வாங்கினால் போதும் என்று நினைக்கும் நிர்வாகிகளுக்காக இதைச் சொல்கிறேன். டியூப் மூச்சுக்குழாயில் இருக்கிறதா, உணவுக்குழாயில் இருக்கிறதா என்று காட்டிக்கொடுப்பது கேப்னோகிராஃப், வெளிவரும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அலையாக வரையும். பிரிட்டனில் மூச்சுவழிச் சிக்கல்களைப் பற்றி 2011-இல் வந்த தேசியத் தணிக்கை, ஐசியுவில் நேர்ந்த அந்த மாதிரி மரணங்களில் எழுபது சதவீதத்துக்கும் மேலானவற்றில் இந்தக் கருவியைப் பயன்படுத்தாதது ஒரு காரணமாக இருக்கலாம் என்றது. பயன்படுத்திய இடத்தில்கூட, இதயம் நின்றுபோனால் அலை வராது என்று தவறாக நினைத்துக்கொண்டு தட்டையான கோட்டைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவர்கள் உண்டு. மார்பை அழுத்திக்கொண்டிருந்தால் சின்னதாகவாவது அலை வரும். அறவே வரவில்லை என்றால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை டியூப் தவறான இடத்தில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். எந்திரத்தை விற்க வந்தவர் எந்தப் பொத்தான் எதற்கு என்று அரை மணி நேரம் சொல்லிவிட்டுப் போவார், இதைச் சொல்ல மாட்டார்.

இப்போது எங்கள் பிரிவில் நாங்களாகவே ஒன்று செய்கிறோம். மாதத்தில் ஏதோ ஒரு நாள், யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல், காலியாக இருக்கும் ஒரு படுக்கையில் பொம்மையைக் கிடத்திப் போர்த்திவிட்டு அலாரத்தை அடிப்போம். யார் ட்யூட்டியில் இருக்கிறார்களோ அவர்கள்தான் வர வேண்டும், கையில் எது இருக்கிறதோ அதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். உண்மையான நோயாளிக்கு ஆள் வேண்டும் என்றால் அந்த நிமிடமே நிறுத்திவிடுவோம். பத்து நிமிடம் நடக்கும், அப்புறம் அங்கேயே நின்றபடி ஐந்து நிமிடம் பேசுவோம். முதல் ஒத்திகையில், டியூப் போடும்போது தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு எரியவில்லை. இரண்டாவதில், கிராஷ் கார்ட் பூட்டியிருந்தது, சாவி சூப்பர்வைசர் பையில், சூப்பர்வைசர் மாடியில். மூன்றாவதில் காற்று மெத்தையை இறக்கும் குழாய் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. இறக்காமல் அழுத்தினால் நெஞ்சு இறங்காமல் மெத்தைதான் இறங்கும். இதில் ஒன்றையாவது மண்டபத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்க முடியுமா? நாலாவதில் டிஃபிப்ரிலேட்டரில் வேண்டுமென்றே சிங்க் பொத்தானைப் போட்டு வைத்தேன். பதினொரு வினாடியில் ஒரு பையன் கண்டுபிடித்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தும்மல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இதற்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஆள் பற்றாக்குறையில் இதெல்லாம் ஆடம்பரம் என்று ஒரு பெரியவர் சொன்னார். பதினைந்து நிமிடத்துக்கு ஆள் இல்லை என்றால் அந்த வார்டில் நிஜமாக ஒருவர் விழும்போது மட்டும் ஆள் எங்கிருந்து வருவார்கள் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. இன்னொரு பயம் நியாயமானது: ஒத்திகையில் தப்புச் செய்தால் அது ரிப்போர்ட்டில் ஏறும், இன்கிரிமெண்டில் கை வைப்பார்கள் என்பது. அப்படி ஒரு தடவை ஏறினாலும் போச்சு, மறுநாளிலிருந்து அத்தனை பேரும் நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் ஒத்திகைத் தாளில் நாங்கள் பெயர் எழுதுவதே இல்லை. என்ன பழுது, எத்தனை வினாடி, யார் சரி செய்வது, அவ்வளவுதான் எழுதுவோம்.

கட்டுரையை எழுதியவரிடம் நான் கேட்பது இதைத்தான். கைரேகை மெஷினுக்கு ஆகும் செலவுக்கு ஆழம் காட்டும் பொம்மை வாங்கலாம். கிரெடிட் பாயின்ட்டைக் கொடுக்கிறவர்கள், மண்டபத்தில் உட்கார்ந்த ஆறு மணி நேரத்துக்குக் கொடுப்பதில் பாதியையாவது வார்டில் நடக்கும் ஒத்திகைக்கும், மாதாமாதம் பொம்மையை அழுத்துவதற்கும், நிஜமான அவசரம் முடிந்த கையோடு நின்று பேசும் ஐந்து நிமிடத்துக்கும் கொடுக்கட்டும். நர்ஸ், டெக்னீஷியன், அட்டெண்டர் எல்லோருக்கும் சேர்த்து, ட்யூட்டி நேரத்துக்குள்ளேயே. வாசகர்களும் ஒன்று கேட்கலாம். உங்களுக்குத் தெரிந்த மருத்துவமனையில் கடைசியாக எப்போது ஒத்திகை நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். சுவரில் மாட்டியிருக்கும் சர்டிபிகேட்டைக் காட்டினால், சரி, பொம்மை எங்கே என்று கேளுங்கள்.

ட்யூட்டிக்கு நேரமாகிவிட்டது. இந்த மாதம் பொம்மையைக் கிடத்துவது என் முறை. இன்று ராத்திரி ஏழாம் படுக்கை, இரண்டரை மணிக்கு. இந்தக் கடிதம் அச்சாகி வருவதற்குள் அது முடிந்திருக்கும், அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ் ஒருவர்
(பெயர் வேண்டாம், எங்கள் பிரிவில் உங்கள் நாளிதழ் வாங்குகிறோம்)